ஞாயிறு மூன்றரை மணிக் கிளித்தட்டு

மாசியில் வில்பிரட் அங்கிளைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.
மாதம்பிட்டி மயான வாசலிலிருந்து குழிவரை
முந்நூறு அடிகூட இராது.
வாலிபர் ஐக்கியத்தில் ஆறு பேர்,
கறுப்பு ரை கட்டிய ஆறு பேர்,
நான்கு தரம் இறக்கி வைத்தோம்.
கடைசித் தரம் பெட்டி சரிந்து
உள்ளே அவர் ஒரு பக்கம் நகர்ந்த சத்தம் கேட்டது.
எங்களில் மூத்தவன் டெஸ்மனுக்கு
இருபத்தெட்டு வயது.

அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் யாரோடும் பேசவில்லை.
அடுத்த கூட்டத்தில்
சென்ற கூட்ட அறிக்கை வாசித்து முடிந்து
நான் ரோல்ஸ் தட்டை நீட்டும்போது
பெர்லின் எழுந்தாள்:
"கூரை ஒழுகினால் கட்டட நிதி திறக்கிறோம்.
பீலியில் இலை அடைத்தால் கமிற்றி கூடுகிறோம்.
இந்தக் கட்டடத்துக்கு யார் கமிற்றி?"
தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள்.
பிறகு, பார்க்காமலே இருந்திருக்கலாம்,
என் வயிற்றைப் பார்த்தாள்.

போதகர் ஐயா தன் பழைய அல்டோவைத் தெருவில் விட்டார்.
மதிலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பில்
முற்றம் முழுக்கக் கோடு.
முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தோம்,
அதில் இரண்டு பேர் செருப்போடு.

டெஸ்மன் துறைமுகத்தில் வேலை.
திரையில் நாளுக்கு ஆயிரம் கொண்டெய்னர் நகர்த்துவான்,
ஒற்றை விரலால்.
இங்கே ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத்
தன்னை நகர்த்த முடியவில்லை.
மதிலுக்கு மேலே வரிசையாய் முளைத்த
பக்கத்துத் தோட்டத்துப் பொடியன்கள்
"துவப்பங் ஐயே, துவப்பங்!" என்று கத்த
அவன் ஓடினான்,
கோட்டுக்கு அல்ல, தண்ணீர்ப் பைப்புக்கு.

எனக்கோ இரண்டாவது தட்டிலேயே
காதுக்குள் யாரோ கதவை இடித்தார்கள்.
பெர்லின் என் கழுத்தில் என் விரலையே வைத்து
எண்ணச் சொன்னாள்.
நூற்றறுபத்தெட்டு.
இருபத்தாறு வருடமாய் எனக்குள் ஒருவன்
சம்பளமில்லாமல் வேலை செய்கிறான்,
அன்றுதான் அவனிடம் சுகம் விசாரித்தேன்.

நாலாம் ஞாயிறு இன்பமலர் கிளி.
மெலிந்த பிள்ளை, பத்து வயதிலிருந்து ஊசி.
நடுக்கோட்டில் அவள் பறந்தால் எவனும் தப்பமாட்டான்.
அன்று பாதியில் நின்றாள்.
கை நடுங்கியது, முகமெல்லாம் வேர்வை.
கிட்ட ஓடிய எங்களைக் கையால் மறித்து
படியில் போய் உட்கார்ந்து
இடுப்புப் பையிலிருந்து மூன்று இனிப்பு எடுத்து
ஒவ்வொன்றாய், அவசரப்படாமல், மென்றாள்.
"பதினைந்து நிமிஷம்.
யாரும் இடம் மாறக் கூடாது."

நாங்கள் மாறவில்லை.
காய் காயாகவும் பழம் பழமாகவும்
அந்தந்தப் பெட்டியிலேயே குந்தியிருந்தோம்.
கடற்காற்று வந்தது. மணிக்கூண்டில் புறா இறங்கியது.
ஜெபக் கூட்டத்திலும் இவ்வளவு நேரம்
நாங்கள் பேசாமல் இருந்ததில்லை.
தன் உடம்பு என்ன சொல்கிறது என்று
அவளுக்குப் பாஷை தெரியும்.
எங்களுக்கு இன்னும் அரிச்சுவடி.

பதினாறாவது நிமிஷம் எழுந்து வந்து
முதல் ஆளாய் என்னைத்தான் அடித்தாள்,
முதுகில், பலமாய்.

ரோல்ஸ் நிற்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.
தட்டில் வாழைப்பழமும் சேர்ந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
டெஸ்மன் முழந்தாளிலிருந்து எழும்ப
இப்போதும் பெஞ்சைப் பிடிக்கிறான்,
ஒரு கையால் மட்டும்.

போன புதன் கோயிலில் ஒரு கலியாணம்.
கழுவியும் போகாத கோடுகளுக்கு மேலே
மாப்பிள்ளையும் பொம்பிளையும் படத்துக்கு நின்றார்கள்.
அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டியில் கால்வைக்க
மதிலுக்கு மேலிருந்து ஒரு பொடியன்,
எங்கே பழகினானோ,
தமிழில் கத்தினான்:
"காய்!"